தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா? பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்

இலங்கையின் ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை எழுதியிருக்கிறார். தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதம் நீளமானது. அதன் சாரம் இது.

தரம் 8, 9 பிள்ளைகளைக் கொண்ட சுற்றாடல் முன்னோடிக் குழுவுக்கு அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த நண்பர் ஒருவர் கொடுத்த படிவத்தை வைத்து ஒரு தவணை முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறார். நாற்பது பறவைப் பெயர்கள், பக்கத்தில் எண்ணிக்கை எழுத ஒரு கட்டம். முதல் சில வாரங்கள் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். பிறகு ஒருவர் தாளை மற்றவர் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பையன் "மயில் 1" என்று எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் பொய் என்று நினைத்து அதை அழித்துவிட்டார். அதிகம் எழுதும் பிள்ளைக்குப் பரிசு தரலாமே என்கிறார் அதிபர். டவுனில் முகநூல் பக்கம் நடத்தும் இளைஞர் ஒருவர், சிறுத்தை நடமாடும் இடங்களைப் பிள்ளைகள் படம் எடுத்து அனுப்பினால் பாடசாலைக்குப் பெயர் கிடைக்கும் என்கிறார். மலைக்குள் போட்டோ எடுக்கக் கூடாது என்று தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், சொல்லிவிட்டார். இதற்கிடையில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் பாடசாலைக்கே வந்து கேட்டிருக்கிறார்: "இந்த மலைய விட்டு வெளிய போகணும்னுதான் டீச்சர் புள்ளைய படிக்க வைக்கிறோம். நீங்க திரும்ப மலைக்கே அனுப்புறீங்களே?"

கடிதம் இப்படி முடிகிறது: "பச்சைக்கு நடுவிலேயே வாழ்ந்தாலும் எங்கள் மக்களுக்கு இயற்கை மேல் பற்று இல்லை. அதை வரவைக்கத்தான் தொடங்கினேன். தரவும் கெட்டுவிட்டது, பற்றும் வரவில்லை. விட்டுவிடலாமா, வேறு மாதிரி செய்யலாமா?"

அன்புள்ள ஆசிரியைக்கு,

விட வேண்டாம். வேறு மாதிரி செய்யுங்கள். மாற்ற வேண்டியது பிள்ளைகளையோ பெற்றோரையோ அல்ல, அந்தப் படிவத்தை. அது வேறு யாரோ ஒருவருடைய கேள்விக்காகத் தயாரான படிவம். உங்கள் பிள்ளைகள் அதில் எண்ணிக்கை நிரப்பும் கைகளாக மட்டுமே இருந்தார்கள். அந்த வேலையில் யாருக்கும் சீக்கிரம் அலுப்புத் தட்டும்.

முதலில் உங்கள் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. உங்கள் மக்களுக்கு இயற்கை மேல் பற்று இல்லை என்று நான் நினைக்கவில்லை. எந்த மரத்தில் குளவி கூடு வைத்திருக்கிறது, எந்தக் கானில் மழைக்கு முதலில் தண்ணீர் பாயும், எந்தத் தண்ணீர்ப் பீலி பங்குனியில் வற்றும், எந்த மலையில் அட்டை அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் நின்ற இடத்திலேயே பதில் சொல்வார். அத்தனையும் இயற்கையோடு உள்ள உறவுதான். வேலையால் வந்த உறவு, எச்சரிக்கையால் வந்த உறவு. இல்லாதது நின்று பார்க்கும் நேரம். அன்றைய கொழுந்தின் நிறை சேராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்னும்போது, கிளையில் உட்கார்ந்த குருவியை யார் நிமிர்ந்து பார்ப்பது? வாழும் லயத்து வரிசை வீடும் நடக்கும் மண்ணும் தனக்குச் சொந்தமில்லை என்பதும் இதோடு சேர்கிறது. ஆகவே "பற்று வரவைக்கிறேன்" என்று போனால் அவர்களைக் குறைத்துப் பார்ப்பதாகத்தான் படும். "உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று போனால் கதவு திறக்கும்.

அந்தத் தாய் சொன்னதையும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பயப்படுவது பறவையைக் கண்டு அல்ல, கொழுந்துக் கூடையைக் கண்டு. அந்தப் பயம் நியாயமானது. நேரில் போய், பிள்ளை தேயிலை மலைக்குப் போகப் போவதில்லை, பாடசாலை முற்றத்திலும் லயத்து வாசலிலும்தான் பார்க்கப் போகிறது, அளக்கவும் அட்டவணை போடவும் வரைபு வரையவும் சதவீதம் கணக்கிடவும் பழகும், பரீட்சையிலும் அது வரும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். விருப்பமில்லாமல் வந்து நிற்கும் பிள்ளைக்கு இதில் கிடைப்பது எதுவும் இல்லை.

எண்ணுவது மட்டும் போதாது

மக்களே தரவு சேர்க்கும் அறிவியல் திட்டங்கள் புதியவை அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்மஸ் காலப் பறவைக் கணக்கெடுப்பு 1900இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட திட்டம் கலந்துகொள்பவர் மனதில் என்ன செய்கிறது என்று அளந்து பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். இங்கிலாந்தின் டார்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனிதருக்கும் இயற்கைக்கும் நெருக்கம் வளரும் ஐந்து வழிகளைச் சொன்னார்கள். புலன்களால் தொட்டு உணர்வது, உணர்ச்சி, அழகு, தனக்கென்று ஒரு பொருள் காண்பது, பரிவு. பெயர்களையும் தகவல்களையும் தெரிந்துகொள்வது மட்டும் அந்த அளவுக்குத் துணைபோகவில்லை. உங்கள் நாற்பது பெயர்ப் படிவத்தில் இந்த ஐந்தில் ஒன்றுக்காவது இடம் இருந்ததா என்று பாருங்கள்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொன்று, 2020இல் பிரித்தானியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு நடந்த பரிசோதனை. ஒரு பகுதியினர் பூவுக்கு வரும் பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணினார்கள். ஒரு பகுதியினர் எண்ணவில்லை, இயற்கையில் தங்களுக்குப் பிடித்ததைக் கவனித்து எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். எட்டு நாட்களில் ஐந்து முறை, முறைக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். எல்லாரிடமும் இயற்கையோடு நெருக்கம் கூடியது. ஆனால் இயற்கையைக் காக்கத் தானாக ஏதாவது செய்யும் போக்கு கூடியது, பிடித்ததைக் கவனித்தவர்களிடமும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடமும்தான். எண்ணுவதைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பிள்ளையின் சொந்த வார்த்தைக்கு ஒரு வரி இடம் வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வெறும் கட்டமும் சுழியமும்

பிள்ளைகள் பார்த்து எழுதியது ஒழுக்கக் குறைவால் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நாற்பது கட்டத்தில் முப்பத்தைந்து காலியாக இருந்தால் அது தோல்வி மாதிரித் தெரியும். எந்தப் பிள்ளையும் வெறும் தாளை டீச்சரிடம் நீட்ட விரும்பாது. படிவம்தான் அவர்களைப் பார்த்து எழுத வைத்தது.

சூழலியலில் "பதினைந்து நிமிடம் நின்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை" என்பது மதிப்புள்ள பதிவு. அமெரிக்காவின் கொலராடோவில் 1997இல் ஃபோர்ட் கொலின்ஸ் நகரை வெள்ளம் தாக்கியது. ஊரின் ஒரு பக்கம் கொட்டிய மழை மறுபக்கம் அவ்வளவு பெய்யவில்லை. அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு, வீட்டுக்கு வீடு மழைமானி வைத்து அளக்கும் தொண்டர் வலையமைப்பு ஒன்றை அங்கே தொடங்கினார்கள். மழை பெய்யாத நாளிலும் 0 என்று எழுதி அனுப்புங்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டுக்கொள்கிறார்கள். பெய்யாத நாள் தெரியாவிட்டால் பெய்த நாளுக்கு அர்த்தம் கிடையாது.

இதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். படிவத்தில் மூன்று விதமான பதிலுக்கு இடம் வையுங்கள்: "பார்த்தேன்", "நின்று பார்த்தேன், ஒன்றும் இல்லை", "இன்று பார்க்கவில்லை". கடைசி இரண்டும் ஒன்றல்ல. காய்ச்சல் வந்து படுத்திருந்த நாளுக்கு 0 போட்டால் அதுதான் உண்மையில் தரவைக் கெடுக்கும். "பார்க்கவில்லை" என்று எழுதும் பிள்ளையை ஒருநாளும் கடிந்துகொள்ளாதீர்கள். நாற்பது பெயரையும் குறைத்து ஆறு ஆக்குங்கள். காகம், மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மீன்கொத்தி, வாலாட்டி போதும். சந்தேகம் இல்லாமல் அடையாளம் காணக்கூடியவை இவை. மற்றவற்றுக்கு "தெரியாத பறவை" என்று ஒரு வரியும் வரைய ஒரு கட்டமும் இருக்கட்டும்.

இனி அந்த மயில். உலர் வலயப் பறவை என்று நாம் படித்த மயில், கடந்த சில பத்தாண்டுகளாக ஈர வலயத்துக்குள்ளும் கண்டிப் பக்கம் மலைச் சரிவுகளுக்கும் பரவி வந்திருக்கிறது. முன்பு மயிலே தெரியாத ஊர்களில் இன்று விடியற்காலையில் அதன் அகவல் கேட்கிறது. உங்கள் பள்ளத்தாக்கில் ஒரு மயில் வந்து நின்றிருந்தால் அதில் அதிசயம் இல்லை. அந்தப் பையன் சொன்னது உண்மையாக இருந்தால், ஒரு தவணைத் தரவில் புதிதாக எதையாவது சொன்ன ஒரே பதிவு அதுதான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பதைவிட வகுப்பிலேயே கேளுங்கள். பார்த்தாயா, சத்தம் கேட்டாயா? எந்த நேரம்? எந்தப் பக்கம்? இறகு கிடந்ததா? வேறு யாருக்காவது கேட்டிருக்கிறதா? இப்படிக் கேட்பது அவனை நம்பாததால் அல்ல, எந்த ஆய்வாளரிடமும் இதைத்தான் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இனி எந்தப் பதிவையும் அழிக்காமல், பக்கத்தில் "உறுதிசெய்ய வேண்டும்" என்று பென்சிலால் குறித்து வையுங்கள். ஒருமுறை அழிக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை எல்லாரும் எழுதுவதையே எழுதும்.

உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு கேள்வி

இத்தகைய திட்டங்களில் பொதுவாக மூன்று வகை உண்டு. கேள்வியும் முறையும் ஆய்வாளருடையது, மக்கள் தரவு மட்டும் தருவார்கள் என்பது ஒன்று. ஆய்விலும் முடிவு காண்பதிலும் மக்களும் பங்கெடுப்பது இரண்டாவது. கேள்வியையே மக்களோடு உட்கார்ந்து கண்டுபிடிப்பது மூன்றாவது. மூன்றாவதுதான் கடினம், காலமும் எடுக்கும். உங்கள் இடத்துக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு உதாரணம் தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்றும் "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அடையாளம்" என்றும் உங்கள் தோட்டத்துத் தாத்தா பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். மழை வரும் அறிகுறி என்னென்ன என்று வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து சேரும். அதில் ஒன்றைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். தட்டானைத் தெரிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரே இடத்தில், லயத்து வாசலிலோ விளையாட்டு மைதானத்திலோ, பத்து நிமிடம் நிற்க வேண்டும். தட்டான் தெரிந்ததா? தோளுக்குக் கீழா, மேலா? அவ்வளவுதான் பதிவு. மறுநாள் காலை 8.30க்குப் பாடசாலை மழைமானியைப் பார்க்க வேண்டும். நாட்டின் வானிலை நிலையங்களிலும் நாள் மழையைக் கணக்கிடும் நேரம் அதுதான். மழைமானிக்குக் காசு தேவையில்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், பக்கம் நேராக உள்ளதாகப் பாருங்கள், மேல்பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். போத்தலின் அடி வளைந்திருக்கும், ஆகவே சிறு கற்களைப் போட்டு, அவற்றை மூடும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியம் என்று வைத்து அங்கிருந்து மில்லிமீற்றர் அளவுத்தாளை ஒட்ட வேண்டும். கூரையும் மரமும் இல்லாத திறந்த இடத்தில், காற்றில் சாயாமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு நாளும் பார்த்த பிறகு தண்ணீரைச் சுழியக் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஞாயிறு பார்க்காமல் திங்களன்று பார்த்தால் அது இரண்டு நாள் மழை, அப்படியே குறியுங்கள்.

தவணை முடிவில் பலகையில் நான்கு கட்டம் போடுங்கள். தாழப் பறந்தது, மழை வந்தது. தாழப் பறந்தது, மழை வரவில்லை. தாழவில்லை, மழை வந்தது. தாழவில்லை, வரவும் இல்லை. இங்கேதான் பிள்ளைகள் உண்மையான விஞ்ஞானத்தில் கால் வைப்பார்கள். தட்டான் தாழ்ந்த இருபது நாளில் பதினைந்து நாள் மழை என்றால் எல்லாரும் பழமொழி சரிதான் என்று கைதட்டுவார்கள். தாழாத இருபது நாளிலும் பதினைந்து நாள் மழை என்று அடுத்த கட்டத்தைக் காட்டுங்கள். உங்கள் பக்கம் கார்த்திகையில் பெரும்பாலான நாள் மழைதானே! அப்போது எந்த அறிகுறியும் பலித்த மாதிரிதான் தெரியும். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால் அந்தத் தவணை வீண்போகவில்லை. பழமொழி பலித்தாலும் பலிக்காவிட்டாலும் பாட்டியின் முகம் வாடாதபடி பேசக் கற்றுக்கொடுங்கள். அவர் சொன்னது வேறு ஊரில், வேறு மாதத்தில் கண்டதாக இருக்கலாம் என்பதும் ஒரு நல்ல கருதுகோள்.

அதே தாளின் கீழே அந்த ஒரு வரி: "இன்று என் கண்ணில் நின்றது". எழுதவோ வரையவோ செய்யலாம். கொடிக்கம்பியில் உட்கார்ந்த தட்டானை ஒரு முழத் தூரத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தலை முழுக்கக் கண்ணாகவே இருக்கும். ஈ ஒன்று மேலே போனால் உடல் அசையாமல் தலை மட்டும் திரும்பும். இறக்கை நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நிறப் புள்ளி, நான்கு இறக்கையிலும். தட்டான் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கவைக்கும் விளையாட்டு உங்கள் பிள்ளைகளிடமும் இருக்கும். அதற்காகத் திட்ட வேண்டாம். இப்படிப் பார்த்துப் பழகிய பிறகு அந்த விளையாட்டைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். டார்பி ஆய்வு சொன்ன பரிவு என்ற வழி அங்கே திறக்கிறது.

ஒக்டோபர் மழையோடு திரளாக வரும் மஞ்சள் நிறத் தட்டான் ஒன்று உண்டு, விஞ்ஞானப் பெயர் பான்டாலா ஃபிளாவெசென்ஸ். மாலைதீவில் வாழ்ந்த சார்ள்ஸ் அண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், முட்டையிட நன்னீரே அரிதான அந்தத் தீவுகளில் ஆண்டுதோறும் ஒக்டோபரில் இவை எங்கிருந்து வந்து இறங்குகின்றன என்று யோசித்தார். வரும் நாட்களை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். இந்தியாவிலிருந்து புறப்பட்டுக் கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போகின்றன என்ற முடிவை 2009இல் வெளியிட்டார். அது தொடங்கியது தட்டான் வந்த நாளைக் கொப்பியில் எழுதியதில்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது உலகப்படமும் பக்கத்தில் இருக்கட்டும்.

மழையைத் தெரிவு செய்யச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை உங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவு அபாயப் பகுதிகளில் 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவு. மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு என்று கண்ணால் கண்ட பிள்ளை வீட்டில் இருந்தால், வானொலியில் வரும் எச்சரிக்கை அந்த வீட்டுக்குப் புரியும். ஆனால் போத்தல் மழைமானி அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கு மாற்று அல்ல. போத்தலில் குறைவாகக் காட்டுகிறது என்று யாரும் தங்கிவிடக் கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் அல்லது கலங்கும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுகளை முதலில் தோட்டத்துக்குக் கொடுங்கள், பிறகு மற்றவர்களுக்கு. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்திலோ கோயில் மண்டபத்திலோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராச் சுவரிலோ மாதம் ஒருமுறை ஒரு பெரிய தாள், மழை வரைபோடு. அதைப் பார்த்து ஒரு பெரியவர் "போன வருஷம் இப்ப இவ்வளவு மழை இல்லையே" என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் பெண்களிடம் வேலை நேரத்தில் கவனித்து எழுதச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் நாளில் இன்னொரு வேலைக்கு இடம் இல்லை.

பரிசு

வேண்டாம் என்பதே என் பதில். 1973இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு சுதந்திரமாக விட்டபோது மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு கெடுதலும் சேரும். அதிக எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் இல்லாத பறவையும் தாளில் பறக்கும். சுற்றாடல் முன்னோடிச் சின்னம் அந்தத் திட்டத்தின் ஒழுங்குப்படி வரட்டும், அதைப் பறவை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாமல் இருந்தால் போதும். அதிபரிடம் இதை மறுப்பாகச் சொல்ல வேண்டாம். பரிசுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு நல்ல இருகண்நோக்கி வாங்கித் தரக் கேட்டுப் பாருங்கள்.

சிறுத்தை விஷயத்தில் உறுதியாக இருங்கள்

அந்த இளைஞரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு படம்கூட அனுப்பக் கூடாது. தோட்டங்களில் சிறுத்தைகள் சாவது பெரும்பாலும் கம்பிச் சுருக்கில். பன்றிக்கு வைத்த சுருக்காகவே இருந்தாலும் மாட்டுவது சிறுத்தைதான். நல்லதண்ணிப் பக்கம் 2020 மே மாதம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்தது நினைவிருக்கும். எங்கே நடமாடுகிறது என்று ஊருக்கே காட்டினால், சுருக்கு வைப்பவருக்கும் அது வழிகாட்டும், கூட்டம் கூடி விரட்டுபவர்களுக்கும் வழிகாட்டும். ஐநேச்சரலிஸ்ட் போன்ற, மக்கள் கண்ட உயிரினங்களைப் பதியும் தளங்கள் அழிவாபத்து உள்ள உயிரினங்களின் சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைப்பதும் இந்தக் காரணத்தால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்தடம் தேடிப் பிள்ளைகள் புதருக்குள் போவது ஆபத்து. சிறுத்தையைக் கண்டதாகவோ சுருக்கைக் கண்டதாகவோ பிள்ளை சொன்னால், நீங்கள் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பேச்சு அங்கே நிற்கட்டும். நாயைப் பறிகொடுத்த வீட்டில் போய் சிறுத்தையின் அழகைப் பேச வேண்டாம். முதலில் அவர்கள் பயத்தைக் கேளுங்கள்.

துரையிடம் ஒரு பக்கக் கடிதம்

அவர் மறுத்தது புகைப்படத்தை. திட்டத்தையே மறுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. போட்டோ இல்லாமலே இது நடக்கும், பென்சில் போதும். அதிபரின் கையொப்பத்தோடு எழுதுங்கள்: இடம் பாடசாலை வளவும் லயத்து முற்றமும், நேரம் இன்னது, தொழிலாளரைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எதுவும் பதியப்படாது, முடிவுகளின் பிரதி தோட்ட அலுவலகத்துக்கும் வரும். அதே கடிதத்தில், மருந்து அடிக்கும் நாட்களை முன்கூட்டித் தெரிவிக்கவும், குளவிக் கூடு உள்ள இடங்களைச் சொல்லவும் கேளுங்கள். இரண்டும் பிள்ளைகளின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. கூடு, முட்டை, குஞ்சு, பூச்சி எதையும் பிடித்துக்கொண்டு வரக் கூடாது என்பதையும் விதியாக்குங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், எது பாதுகாக்கப்பட்டது என்று பிள்ளைக்குத் தெரியாது.

பிள்ளைகளின் பெயரும் முகமும் இணையத்தில் போக வேண்டாம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தாலும் தவிர்ப்பதே நல்லது. ஐநேச்சரலிஸ்டில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தாமாகக் கணக்குத் திறக்க முடியாது. உங்கள் கைத்தொலைபேசியில் அந்தத் தளமே தரும் சீக் என்ற செயலியை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கணக்கே தேவையில்லை. தெரியாத பூச்சியை அடையாளம் காண ஓரளவு உதவும். அது சொல்வதே முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய தாள்களை எரிக்கவோ எங்கும் பதிவேற்றவோ வேண்டாம். மேலே "ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியவை கலந்துள்ளன" என்று தேதியோடு எழுதி அலுமாரியில் வையுங்கள். ஒக்டோபர் மழை இறங்கும் முன் மழைமானி நின்றுவிட்டால் ஒரு முழுப் பருவம் கைக்கு வரும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பொதுமக்கள் பறவைகளைக் கணக்கெடுத்து ஈபேர்ட் தளத்தில் பதிகிறார்கள். உங்கள் பிள்ளைகள் ஆறு பறவைகளில் தேறிவிட்டால், வரும் தைப்பொங்கலன்று வீட்டு வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று பதினைந்து நிமிடம் அவர்களும் எண்ணலாம். மழை பெய்தால் அடுத்த நாள். புதிய படிவத்தை வரைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அச்சிடும் முன் சேர்ந்து பார்ப்போம்.